யூசுப் டைப் அடித்த டிரைவர்

1

போன செவ்வாய்க்கிழமை தபாலில் எங்கள் மூன்று பேருக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டது. ஒஹாயோவுக்கு நான் வந்து இது ஏழாவது வருஷம். கார்டுக்குக் கொடுக்கும் படத்தில் வலது காது முழுதாகத் தெரிய வேண்டும் என்பது இவர்கள் விதி. தெரிகிறது. முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு, எதிரில் வருகிற யாரையோ பார்க்காமல் தவிர்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பொருத்தமான படம்தான்.

என் மனைவி மாலா கேசரி கிளறினாள். எட்டு வயது நித்யா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ நாம தாம்பரத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதே இல்லையாப்பா?" என்று கேட்டாள். கேட்டது ஆங்கிலத்தில். குரலில் சந்தோஷம். கைக்குழந்தையாக விமானத்தில் என் மடியில் வந்தவள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இல்லையென்று தலையாட்டிவிட்டுக் கேசரியைச் சாப்பிட்டேன்.

கிரீன் கார்டு வாங்குவது எப்படி என்று ஊரிலிருந்து கேட்டு எழுதும் தம்பிமார்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் உருப்படியான யோசனை எதுவும் கிடைக்காது. எனக்கு எப்படி வந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

2

எண்பத்தொன்பதில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறம் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டி விற்கும் சின்னக் கம்பெனி. முதலாளி நடராஜன் சார். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட ஒரே பெட்டியோடு, திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள எட்டு டெர்மினல்களை இணைத்து, எட்டு குமாஸ்தாக்கள் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம் என்று சொல்லி விற்பார். அந்த எட்டு பேரையும் பெட்டியோடு இணைக்க ஒரு சர்க்யூட் போர்டு வேண்டும். நடராஜன் சார் தைவானிலிருந்து மலிவாக ஒரு போர்டு தருவித்தார். அது யூனிக்ஸில் ஓடாது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் படிச்சுட்டு அதுக்கு டிரைவர் எழுதுங்கப்பா. வெள்ளைக்காரன் மட்டும்தான் எழுதணுமா?" என்றார். அந்த இரண்டு பேர் சம்பத் என்கிற நானும் யூசுப்பும்.

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா நிரல்களுக்கும் அடியில் கர்னல் என்று ஒன்று உண்டு. யாருக்கு, எப்போது, என்ன கிடைக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும், தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் மாதிரி. வெளியிலிருந்து ஒரு கருவியை மாட்டினால் அதற்கும் கர்னலுக்கும் நடுவே ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகருக்குப் பெயர் டிரைவர். நான் டிரைவர் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னபோது என் மாமனார், "முதல்ல லைசென்ஸ் எடுங்கோ மாப்பிள்ளை" என்றார்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. யாரோ எங்கிருந்தோ பிரதி எடுத்த புத்தகத்தின் பிரதி ஒன்று எங்களிடம் இருந்தது. வலது ஓரத்தில் இரண்டு எழுத்து வெட்டுப்பட்டிருக்கும், ஊகித்துப் படிக்க வேண்டும். சாதாரண நிரலில் தப்புச் செய்தால் அந்த நிரல் மட்டும் சாகும். கர்னலில் தப்புச் செய்தால் பெட்டியே விழுந்துவிடும். மறுபடி எழுப்பி, டிஸ்க்கைச் சரிபார்த்து, கர்னலைப் புதிதாகக் கட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். எங்களுக்குப் பெட்டி கிடைப்பதோ காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. ஒன்பதுக்குக் கணக்குப் பிரிவு வந்து உட்கார்ந்துவிடும். ஆக ஒரு நாளைக்கு இரண்டு தப்புத்தான் செய்யலாம். மூன்றாவது தப்புக்கு நேரமில்லை.

3

அதனால் யூசுப் ஒரு வழி கண்டுபிடித்தான். பெட்டி இல்லாமல் நாங்களே பெட்டியாக நடிப்பது.

யூசுப் பல்லாவரத்துப் பையன். அவன் அப்பா மார்க்கெட் பக்கம் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். குரோம்பேட்டையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன். அவன் விரல் போகும் வேகத்தைப் பார்க்கக் கணக்குப் பிரிவுப் பெண்கள் எழுந்து வருவார்கள். யாரையும் இடைமறித்துப் பேசாதவன். நான் எவ்வளவு முட்டாள்தனமாகப் பேசினாலும் முடியும் வரை காத்திருந்து, "முடிச்சிட்டியா மச்சான்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிழக்குத் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போவேன். அவன் பல்லாவரத்திலிருந்து சைக்கிளில் வருவான். திருநீர்மலையில் குளத்துப் படிக்கட்டில் உட்காருவோம். நான் கர்னல், அவன் போர்டு. நான் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நிரலை வரிவரியாக வாயால் ஓட்டுவேன். அவன் நினைத்த நேரத்தில் என் தோளில் தட்டுவான். ஒரு டெர்மினலில் யாரோ ஒரு எழுத்தை அடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இதற்கு இண்டரப்ட் என்று பெயர். நான் அந்த இடத்திலேயே நிறுத்தி, எந்த வரியில் நின்றேன் என்று படியில் சாக்பீஸால் குறித்து, அவன் நீட்டும் சீட்டை வாங்கி வைத்து, மறுபடி விட்ட இடத்துக்கு வர வேண்டும். சீட்டைத் தவறவிட்டால் நிரல் தப்பு. விட்ட இடம் மறந்தால் பெட்டி விழுந்தது என்று கணக்கு.

படிக்கட்டில் பூ விற்கும் ஒரு அம்மா எங்களைப் பல வாரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா தம்பி, வாராவாரம் வந்துகினு கீறீங்க, டிராமா ஒத்திகையா? யாரு ஹீரோ?"

"அவன்தான்மா ஹீரோ. நான் சும்மா தட்டுறவன்," என்றான் யூசுப்.

இப்படி நடித்து நடித்தே ஒன்றரை வருஷத்தில் டிரைவரை எழுதி முடித்தோம். தட்டினால் பதில் சொல்லும் பகுதி, அதாவது இண்டரப்ட் பகுதி, முழுக்க நான் எழுதியது. மற்றதெல்லாம் அவன். பெட்டியில் ஏற்றும்போது அவன்தான் டைப் அடித்தான். கோப்பின் தலைப்பில் 'எழுதியவர்' என்று ஒரு பெயர் போட வேண்டும், ஒரே ஒரு பெயர்தான் என்பது நடராஜன் சார் வைத்த வழக்கம். விசைப்பலகை முன் யார் உட்கார்ந்தார்களோ அவர் பெயர். நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. யூசுப் என்று இருந்தது.

4

இங்கே கொஞ்சம் இக்கரைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் கிரீன் கார்டு மனுவைப் பார்த்த வக்கீலம்மா, "உங்கள் வேலையே கர்னல் வேலை. இங்கே வருவதற்கு முன் இரண்டு வருஷம் இதே வேலை பார்த்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்டார். நடராஜன் சார் கொடுத்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நம் ஊர்க் கடிதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒழுக்கமானவர், உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். வக்கீலம்மா இரண்டு தரம் படித்துவிட்டு, "இது கல்யாணத்துக்குக் கொடுத்ததா?" என்றார்.

கம்பெனியோ மூடிப்போய்விட்டது. அப்படியானால் கூட வேலை பார்த்த ஒருவர் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், நோட்டரி முத்திரையோடு. என்ன வேலை பார்த்தீர்கள் என்பதோடு, அது தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் அவரே சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். "அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

"ஒருத்தர்," என்றேன். "ஆனால் அதில் எனக்கு ஒரு டவுட் இருக்கிறது."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நம் ஊரில் ஒரு கேள்வி இருந்தால் டவுட் என்போம். இங்கே அந்தச் சொல்லுக்கு ஆளை நம்பவில்லை என்று அர்த்தமாம். "அந்த மனிதர் நம்பத் தகாதவரா?" என்று கேட்டார். அவர் நம்பத் தகுந்தவர் என்பதுதான் அம்மா என் பிரச்சினை என்று அவரிடம் சொல்ல எனக்கு ஆங்கிலமும் போதவில்லை, நேர்மையும் போதவில்லை.

5

தொண்ணூற்றிரண்டில் எங்கள் டிரைவரோடு முதல் பெட்டி விற்றது, பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனிக்கு. அந்த முதலாளி யூசுப்புக்கு உம்மா வழியில் மாமா முறை. யூசுப் தானே போய்ப் பேசி வாங்கிய ஆர்டர். அதே மாதம், அமெரிக்காவுக்கு ஆள் எடுக்கும் ஒரு ஏஜென்சி எங்கள் இரண்டு பேரையும் தேர்வு செய்திருந்தது. கம்பெனியிலிருந்து நற்சான்றுக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் விசா வேலை ஆரம்பம். மாலா நித்யாவைப் பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மூன்று வாரம் பெட்டி ஒழுங்காக ஓடியது. ஒரு வியாழக்கிழமை, கப்பலுக்குச் சரக்கு போக வேண்டிய நாள். எட்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பில் அடித்தார்கள். எட்டு டெர்மினலும் அப்படியே நின்றுவிட்டன. அணைத்து எழுப்பினால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி நிற்கும். காகிதம் தயாராகவில்லை. கப்பல் போய்விட்டது. யூசுப்பின் மாமா கத்தவில்லையாம். நேராக அவன் அப்பாவின் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால், "உங்க பையனை நம்பினேன் பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

என்ன தப்பு என்று எனக்கு மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் காலிங் பெல் இருக்கிறது. ஒருவர் அழுத்தினால் அடிக்கும். அழுத்திய விரலை எடுக்காமலே வைத்திருந்தால் மறுபடி அடிக்காது. நாம் ஒருவரைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாமவர் வந்து விரலை வைத்துவிட்டால், வேறு யாராவது நிற்கிறார்களா என்று நாம்தான் எட்டிப் பார்க்க வேண்டும். நான் எழுதிய பகுதி எட்டிப் பார்க்கவில்லை. ஒருவர் சீட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது. பெல் அடிக்கும் என்று கர்னல் காத்திருக்கிறது, கதவு திறக்கும் என்று போர்டு காத்திருக்கிறது. இரண்டும் காத்துக்கொண்டே இருக்கின்றன.

இது ஏன் திருநீர்மலையில் தெரியவில்லை? நான் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டிருக்கும்போது யூசுப் இன்னொரு தரம் தட்டியதே இல்லை. நான் முடிக்கும் வரை காத்திருந்தான். அவன் சுபாவம் அது. ஒன்றரை வருஷம் தட்டிப் பார்த்தும், மரியாதை தெரிந்த ஒரு போர்டுக்குத்தான் நாங்கள் டிரைவர் எழுதியிருந்தோம்.

நடராஜன் சார் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் நிரலின் அச்சுப்பிரதி. தலைப்பில் விரலை வைத்து, "இது உன் பேர்தானே யூசுப்?" என்றார்.

"ஆமா சார்."

"அப்ப உன் பொறுப்புதானே?"

யூசுப் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் காத்திருந்தான். அந்த அறையில் நான் வாயைத் திறக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, கீழே லெவல் கிராசிங்கில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இண்டரப்ட் பகுதி என்னுடையது சார் என்று நாலு வார்த்தை. விசா, கடிதம், ஐந்து மாதக் குழந்தை என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு, மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன்.

மாடிப்படியில் இறங்கும்போது, "நீ சொல்லுவேன்னு நினைச்சேன் மச்சான்," என்றான். அவ்வளவுதான். அன்றைக்கே அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கடிதம் தரவில்லை. ஏஜென்சி அவன் பெயரை எடுத்துவிட்டது.

திங்கட்கிழமை நான் பத்து வரி சேர்த்து அந்தத் தப்பைச் சரிசெய்தேன். நடராஜன் சார் என் தோளில் கை போட்டு, "யூசுப் வச்ச குழியை நீ மூடினேப்பா" என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன். என்மேல் எனக்கு ஏற்பட்ட அருவருப்பு அன்றைக்கு ஆரம்பித்தது. கூடவே விமானம் ஏறி வந்தது.

6

ஆறு வருஷத்துக்குப் பிறகு பல்லாவரம் சைக்கிள் கடைக்குப் போன் போட்டேன். அவன் அப்பா காலமாகியிருந்தார். யூசுப்பே எடுத்தான். குரோம்பேட்டையில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறானாம், சாயங்காலம் கடையையும் பார்த்துக்கொள்கிறானாம். கர்னல் பக்கம் போகவே இல்லை. அந்தக் கடிதம் இல்லாமல் யாரும் உள்ளே விடவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது பிரமாணப் பத்திரம். பொறுமையாகக் கேட்டான். "முடிச்சிட்டியா?" என்றான். பிறகு, "என்ன எழுதணும்?"

"உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா. எப்படித் தெரியும்னும் எழுதணும்."

மூன்று வாரத்தில் வந்தது. முத்திரைத்தாளில் சுத்தமான ஆங்கிலம், ஒரு எழுத்துப் பிசகில்லை. டிரைவர் எப்படி எழுதினோம் என்று இரண்டு பக்கம், என்னைப் பற்றி நான்கூட மறந்துபோன நல்ல விஷயங்களோடு. கடைசிப் பத்தியைத் தமிழில் சொல்கிறேன்: 'இண்டரப்ட் பகுதியை எழுதியது சம்பத். நான் டைப் மட்டும் அடித்தேன். தலைப்பில் என் பெயர் இருந்ததால் அதில் இருந்த தவறுக்காக என்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள். ஆகவே அதை எழுதியது யார் என்பது எனக்கு மறக்கக்கூடிய விஷயம் இல்லை.'

வக்கீலம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பிரமாதமான சாட்சி. முக்கியமான பகுதியை நீங்கள்தான் எழுதினீர்கள் என்று ஆணையிட்டுச் சொல்கிறார்," என்றார். பிறகு பென்சிலை எடுத்து, கடைசி இரண்டு வரிகளைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "இது மட்டும் வேண்டாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் என்றால் சாட்சிக்கு மதிப்புக் குறையும். நீங்கள் எழுதியதில் தவறு என்றால் உங்களுக்கும் மதிப்புக் குறையும். இந்த இரண்டு வரி இல்லாமல் வேறு ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்."

வேண்டாம், அப்படியே தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நடராஜன் சார் அறைக்குப் பிறகு, வாயைத் திறக்க எனக்குக் கிடைத்த இரண்டாவது அறை இது. சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுபடி போன் செய்தேன்.

"எந்த வரி?" என்றான் யூசுப். "படி, கேக்கறேன்."

படித்தேன். சமையலறையில் மாலா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு இந்த விஷயம் அன்றைக்குத்தான் தெரியும்.

"அதுல ஏதாவது பொய்யா மச்சான்?"

"இல்லடா."

"தப்பா?"

"இல்ல. வக்கீல்தான்..."

"சரி, எடுத்துடறேன். நோட்டரிகிட்ட மறுபடி போகணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மா இருக்கு. சனிக்கிழமை தாம்பரம் போய் முடிச்சு அனுப்பிடறேன். குழந்தை நல்லாயிருக்கா?"

போனை வைத்ததும் மாலா, "இதுக்கு அந்த மனுஷன் ஏதாவது கேட்டாரா?" என்றாள். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "கேட்டிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாவது பத்திரம் வந்தது. அந்த இரண்டு வரி இல்லை. முதல் பத்திரத்தைக் கிழித்துவிடும்படி வக்கீலம்மா சொல்லியிருந்தார். கிழிக்கவில்லை. அதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

7

சானடோரியம் பக்கம் நடராஜன் சார் இன்னும் இருந்தால், இந்தப் பத்திரிகை அவர் கண்ணில் படட்டும். பல்லாவரத்துத் தோல் கம்பெனி முதலாளிக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள். யூசுப்பின் அப்பாவுக்குக் காட்ட வழியில்லை. அந்த டிரைவரில் பெட்டியை நிறுத்திய பகுதியை எழுதியவன் நான். யூசுப் டைப் மட்டும் அடித்தான். அவன் எடுத்த இரண்டு வரியையும் மேலே அப்படியே கொடுத்திருக்கிறேன், மொழிபெயர்ப்பு மட்டும்தான் என்னுடையது.

இதை எழுதட்டுமா என்று யூசுப்பைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றிருப்பான். போன மாதமே எழுதத் தொடங்கினேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. போன மாதம் கார்டு வரவில்லை. இனி இதை யார் படித்தாலும் என்னை இங்கிருந்து அனுப்ப மாட்டார்கள் என்று வக்கீலம்மாவிடம் நேற்றுப் போனில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் உட்கார்ந்து எழுதினேன்.